ஏத்தத்துல ஓட்டிப் பாக்காம எலக்ட்ரிக் பைக் வாங்க முடியல, உதவி பண்ணுங்க

நானுஓயாவுல இருந்து நுவரெலியாவுக்கு டெய்லி வேலைக்குப் போய்வர எலக்ட்ரிக் பைக் ஒன்னு தேடுறேன். 8 கிலோமீட்டர்தான், ஆனா ஏத்தம், பின்னால தங்கச்சியும் வருவா.

கண்டியில கடை கடையா ஏறி ஓட்டிப் பாத்துட்டேன், எல்லாரும் சமதரையில ஒரு ரவுண்டுதான் விடுறாங்க, அதுல எல்லா பைக்கும் நல்லாத்தான் ஓடுது. போன மாசம் கூட்டாளியோட 72 வோல்ட் 1500 வாட் பைக்க, வீல்லயே மோட்டர், லெட் ஆசிட் பெட்டரி, எங்க ஏத்தத்துல ரெண்டு பேரா ஏத்திப் பாத்தோம், பாதியிலயே நடக்குற வேகத்துக்கு வந்துருச்சு, வீல் நடுவுல கைய வைக்க முடியாத சூடு, சார்ஜ் கட்டையும் மடமடன்னு இறங்கி, நிப்பாட்டி ஆறவிட்டதும் திரும்ப ஏறிக் காட்டுது. லித்தியம் போட்டா பெட்டரி தாங்கும், மோட்டர் சூட்டுக்கு அது மருந்தில்லையே.

அட்டன், நுவரெலியா, பண்டாரவளை பக்கம் ரெண்டு பேரோட ஏத்தத்துலயே ஓட்டிப் பாக்க விடுற கடை எங்க இருக்கு?