ஓபன்ஃப்ளோ 1.3: எந்த விதியிலும் சேராத பாக்கெட் எங்கே போகுது?

அஸ்தம்பட்டி:
செவ்வாய்ப்பேட்டை குடோன், ஏற்காடு எஸ்டேட் ஆபீஸ் ரெண்டையும் மினிநெட்டில் (கம்ப்யூட்டருக்குள்ளேயே மாதிரி நெட்வொர்க் உருவாக்கும் மென்பொருள்) ரெண்டு சுவிட்சாக வெச்சு, ரியூ கண்ட்ரோலரில் (சுவிட்சுகளுக்கு விதி அனுப்பும் மென்பொருள்) சோதனை பண்றோம். ஓபன்ஃப்ளோ (கண்ட்ரோலரும் சுவிட்சும் பேசிக்கிற நெறிமுறை) 1.0ல் ஓடின புரோகிராம்தான். 1.3க்கு மாத்தினதும் பாக்கெட்-இன் (சுவிட்ச் ஒரு பாக்கெட்டை கண்ட்ரோலருக்கு அனுப்பும் செய்தி) ஒண்ணுகூட வரலை. ஐபிக்கு ரெண்டு பக்கமும் விதி போட்டாச்சு. பிங் போட்டா 'ஹோஸ்ட் அன்ரீச்சபிள்'. டிசிபி போர்ட் 80க்கு விதி போட்டா டைப் 4, கோட் 9 பிழை. எங்கேங்க தப்பு?

கொண்டை ஊசி 20:
1.0ல் விதியில் சேராத பாக்கெட் தானாகவே கண்ட்ரோலருக்குப் போயிரும். 1.3ல் அப்படி இல்லைங்க, சத்தமில்லாம கீழே போட்டுரும். டேபிள்-மிஸ் விதியை, அதாவது எதிலும் சேராத பாக்கெட்டுக்கான விதியை, நீங்களே எழுதணும்: டேபிள் 0, மேட்ச் காலி, பிரையாரிட்டி (பெரிய எண்தான் முந்தும்) 0, ஆக்‌ஷன் கண்ட்ரோலருக்கு அவுட்புட், நீளம் 'நோ பஃபர்' (பாக்கெட் முழுசாப் போகும்), அதாவது 65535. சுவிட்ச் இணைஞ்சதும் தன் விவரத்தைச் சொல்ற 'ஃபீச்சர்ஸ்' பதில் வரும் இடத்திலேயே இதை அனுப்பிருங்க.

பிரையாரிட்டி 0ன்னு கையால எழுதுங்க. விட்டுட்டா ரியூ 32768 வெச்சுரும். உங்க மத்த விதிகள் 10, 100ன்னு இருந்தா அத்தனையையும் இந்தக் காலி மேட்ச் முழுங்கிரும்; எல்லா பாக்கெட்டும் கண்ட்ரோலர் தலையில. எல்லாம் 32768ல் இருந்தா இன்னும் மோசம்: ஒரே பிரையாரிட்டியில் ரெண்டு விதி பொருந்தினா எது ஜெயிக்கும்னு வரையறையே கிடையாது.

சேர்வராயன்:
பிங் நிக்கறதுக்குக் காரணம் ஏஆர்பி (ஒரு ஐபிக்கு உரிய மேக் முகவரியைக் கேட்கும் செய்தி). ஈதர்டைப் (பாக்கெட்டின் வகையைச் சொல்லும் எண்) 2048 ஐபிவி4 மட்டும், ஏஆர்பி 2054. அது உங்க விதியில் எங்கேயும் இல்லை. டேபிள்-மிஸ் வழியா மேலே போனாலும், புரோகிராம் அதை பாக்கெட்-அவுட்டில் (கண்ட்ரோலர் சுவிட்சுக்கு பாக்கெட் அனுப்பும் செய்தி) ஃப்ளட் பண்ணி, அதாவது வந்த போர்ட் தவிர எல்லா போர்ட்டிலும் விடச் சொல்லி, திருப்பி அனுப்பணும். ரெண்டு சுவிட்சுக்கும் நடுவில் ரெண்டாவது கேபிள் இருந்தா ஃப்ளட் சுத்திக்கிட்டே இருக்கும், பார்த்துக்கோங்க.

எழுதாத ஃபீல்டுன்னா 'எதுவானாலும் சரி'ன்னு அர்த்தம். ஆனா டிசிபி போர்ட் கேட்கணும்னா ஈதர்டைப் 2048, ஐபி புரோட்டோகால் 6 (டிசிபி) ரெண்டும் கூடவே இருக்கணும். இல்லாததுதான் அந்த கோட் 9. திரும்பி வரும் பாக்கெட்டில் 80 சோர்ஸ் பக்கம் இருக்கும், அதுக்குத் தனி விதி.

ஐந்து ரோடு:
விலானிலும் (ஒரே நெட்வொர்க்கை டேக் எண் போட்டுப் பிரிக்கிற முறை) இதே கதை. ஃபீல்டை விட்டா டேக் இருக்கறதும் இல்லாததும் ரெண்டும் பொருந்தும். 0 கொடுத்தா டேக் இல்லாதது மட்டும். விலான் 10க்கு 4096 சேர்த்து 4106.

அஸ்தம்பட்டி:
பிங் போகுதுங்க! முதல் பிங் மட்டும் மெதுவா வருது. பழைய விதிகளை டெலீட் பண்ணினா திரும்ப நின்னுருது.

கொண்டை ஊசி 20:
முதல் பாக்கெட் கண்ட்ரோலர் வரைக்கும் போய்த் திரும்புது, மெதுவாத்தான் வரும். டெலீட்டில் காலி மேட்ச் கொடுத்திருப்பீங்க. அதுக்கும் 'எதுவானாலும்'னுதான் அர்த்தம், டேபிள்-மிஸ்ஸும் சேர்ந்து போயிருக்கும். 'டெலீட் ஸ்ட்ரிக்ட்'ல அதே மேட்ச், அதே பிரையாரிட்டி கொடுங்க. அப்புறம் டம்ப்-ஃப்ளோஸ் (சுவிட்சில் இருக்கும் விதிகளைக் காட்டும் கட்டளை) எடுத்து, பிரையாரிட்டி 0 வரியில் பாக்கெட் எண்ணிக்கை ஏறுதான்னு பாருங்க.