புதுப்பிப்பு: மாடி அறையில் டிரம்ஸ் அதிர்வு தீர்ந்தது

கோடம்பாக்கத்தில் மாடி அறையில் எங்கள் மெட்டல் இசைக்குழு பயிற்சி செய்கிறது, டபுள் பெடல் (இரண்டு காலாலும் மாறி மாறி டிரம்மை அடிக்கும் மிதி) அடித்தாலே கீழ்வீட்டில் அதிர்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

முதலில் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டினோம். பலனில்லை. அறைக்குள் எதிரொலி கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். காலால் அடிக்கும் பெரிய டிரம்மான கிக் டிரம்மின் அதிர்வு தரை வழியாக இறங்குகிறது, அதற்குச் சுவரில் என்ன ஒட்டினாலும் பயனில்லை.

கைகொடுத்தது டென்னிஸ் பந்து மேடை யோசனைதான். கீழ் பிளைவுட்டில் பந்தை விடச் சற்றுச் சிறிய ஓட்டைகள் போட்டு, பந்துகளை உட்கார வைத்து, மேலே இன்னொரு பலகை. அதன்மேல் டிரம்ஸ். எதிர்பாராத ஒன்று: மேடையின் ஒரு ஓரம் சுவரில் உரசியதால் முதல் நாள் அதிர்வு அப்படியே இருந்தது. நான்கு விரல் தள்ளி வைத்ததும் அடங்கியது. பேஸ் கிதாரின் ஒலிபெருக்கிப் பெட்டியையும் (ஆம்ப்) தரையிலிருந்து தூக்கி வையுங்கள், அதுவும் அதிரும்.

கீழ்வீட்டு மாமியிடம் போய்க் கேட்டேன். "வாசிக்கறது கேக்கறதுப்பா, ஆனா டம்ளர் ஆடலை" என்றார். அன்று எங்களுக்கு அத்தனை சந்தோஷம்!

அப்புறம், இப்போது வேறு இரண்டு குழுக்களும் இதே அறையில்தான் பயிற்சி செய்கிறார்கள். போன மாதம் மூன்று குழுக்களும் ஸ்பீக்கர் வாடகையைப் பங்கிட்டு, ஒரே டிரம்ஸில் சொந்தப் பாடல்களை வாசித்தோம். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை என்பதால் மாலை 5 மணிக்கே தொடங்கிவிட்டோம்.