சிம்பியன் போனில் பைத்தான்: லீக்குக்கு யார் பொறுப்பு?

குவியல்மேடு:
மேஜை டிராயரைச் சுத்தம் செய்தபோது பழைய நோக்கியா 6600 கிடைத்தது. அதில் பைத்தான் ஓட்டிய நாள்கள் ஞாபகம் வந்தன. அன்று சொல்லாமல் விட்டதை இன்று சொல்லிவிடுகிறேன். 2004 கடைசியில் எஸ்60 போன்களுக்கு (சிம்பியன் இயங்குதளத்தில் ஓடும் 6600 மாதிரி போன்கள்) நோக்கியா பைத்தானைக் கொண்டுவந்தது தப்பான தேர்வு. ரெஃபரன்ஸ் கவுண்ட்டை, அதாவது ஒரு ஆப்ஜெக்ட்டை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையை, நம்பி வாழும் மொழியை அவ்வளவு சின்ன நினைவகத்துக்குள் திணித்திருக்கக் கூடாது. அந்த எண்ணிக்கை பூஜ்யமாகாவிட்டால் இடம் திரும்பாது, அதுதான் லீக். லுவா என்ற சின்ன ஸ்கிரிப்ட் மொழியை எடுத்திருக்கலாம்.

ஈயப்பற்று:
தப்பு பைத்தானிடம் இல்லை நண்பரே, சிம்பியனிடம். அந்தக் காலச் சிம்பியனில் டிஎல்எல்லுக்குள் (பல நிரல்கள் பகிரும் நூலகக் கோப்பு) எழுதக்கூடிய குளோபல் மாறி ஒன்றுகூட வைக்க முடியாது. காரணம் நியாயமானதுதான்: ஒரே ஒரு பைட் குளோபல் இருந்தாலும், அந்த டிஎல்எல்லைத் தூக்கும் ஒவ்வொரு புராசஸுக்கும் தனியாக 4 கேபி பக்கம் ஒதுக்க வேண்டிவரும். சி-பைத்தானின் (சி மொழியில் எழுதிய வழக்கமான பைத்தான்) சோர்ஸோ முழுக்க முழுக்க குளோபல்கள். அத்தனையையும் பொறுக்கி ஒரே ஸ்ட்ரக்ட்டில் போட்டு, த்ரெட் லோக்கல் ஸ்டோரேஜில், அதாவது ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனியாக உள்ள இடத்தில், தொங்கவிட்டார்கள்.

அப்புறம் 'லீவ்'. சிம்பியனில் பிழை வந்தால் அது சி மொழியின் லாங்ஜம்ப் மாதிரி நடுவிலிருக்கும் ஃபங்ஷன்களைத் தாண்டிக் குதித்துவிடும். நடுவில் பைத்தானின் சி கோடு இருந்தால், அது கூட்டிவைத்த கவுண்ட்டை யார் குறைப்பது? அதனால் ஒவ்வொரு சிம்பியன் அழைப்பையும் 'டிராப்' போட்டுப் பிடித்து, பைத்தான் எக்ஸெப்ஷனாக மாற்றியாக வேண்டும். ஒன்றை மறந்தாலும் லீக்தான்.

குவியல்மேடு:
சரி, அதெல்லாம் பைத்தானைச் சிம்பியனுக்குப் போர்ட் செய்தவர்கள் ஒருமுறை பட்ட பாடு. நிரல் எழுதியவன் தினமும் பட்டது வேறு. ஒரு கேன்வாஸ் (திரையில் வரையும் இடம்) உருவாக்கி, self-இன் (என் ஆப்ஜெக்ட்டின்) டிரா மெத்தடை அது வேண்டும்போது கூப்பிடும் கால்பேக்காகக் கொடுப்பேன். self கேன்வாஸைப் பிடித்திருக்கும், கேன்வாஸ் self-ஐப் பிடித்திருக்கும். கவுண்ட் பூஜ்யத்துக்கு இறங்கவே இறங்காது. சுழற்சியைக் கண்டுபிடிக்கும் கலெக்டர் பைத்தான் 2.0 முதலே உண்டு என்பீர்கள். சியில் எழுதிய டைப் தனக்குள் யாரைப் பிடித்திருக்கிறது என்று சொல்லிக்கொடுக்காவிட்டால் அந்தக் கலெக்டருக்குக் கண் தெரியாது. கடைசியில் வெளியேறும் முன் ஒவ்வொரு மாறியையும் கையால் காலியாக்கினேன். இதற்கு சியிலேயே எழுதியிருக்கலாமே!

ஈயப்பற்று:
லுவாவில் இருப்பது மாதிரியான டிரேசிங் கலெக்டர், அதாவது யாரும் பிடித்திராத ஆப்ஜெக்ட்டுகளைத் தேடிப் பெருக்கும் கலெக்டர், இலவசம் இல்லையே. குப்பை சேரும்வரை காத்திருக்க அதற்குக் காலி இடம் வேண்டும். 2005இல் ஆய்வாளர்கள் ஹெர்ட்ஸும் பெர்கரும் ஜாவா நிரல்களை வைத்து அளந்தார்கள்: கையால் விடுவிப்பதன் வேகத்தை எட்ட கலெக்டருக்கு ஐந்து மடங்கு நினைவகம் தேவைப்பட்டது; இரண்டு மடங்கு மட்டும் கொடுத்தால் சராசரியாக 70 சதவீதம் மெதுவானது. சிம்பியனின் இயல்பான ஹீப் (நிரல் ஓடும்போது இடம் வாங்கும் பகுதி) உச்சவரம்பு 1 எம்பி. நினைவகம் போதாவிட்டால் டிஸ்க்கைக் கடன் வாங்கும் ஸ்வாப்பும் கிடையாது. ஐந்து மடங்குக்கு எங்கே போவது?

பழையபோர்ட்டர்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். 'புராசஸ் செத்தால் ஓஎஸ் பெருக்கிக்கொள்ளும்' என்பது பைத்தான் வளர்ந்த வீட்டுப் பழக்கம். அந்தக் காலப் பைத்தான் 2இல் முழு எண்களுக்காக வாங்கிய இடத்தை அது ஓடும்வரை திருப்பித் தராது, அடுத்த எண்ணுக்கு என்று வைத்துக்கொள்ளும். சிம்பியன் வீட்டிலோ டீபக் பில்டில் (பிழை தேடுவதற்கான பதிப்பு) ஹீப்புக்கு மார்க் போட்டு வைத்தால், ஒரு செல் (ஒதுக்கிய துண்டு) மிச்சமிருந்தாலும் வெளியேறும்போது பேனிக், நிரல் அப்படியே நிறுத்தப்படும். எது உண்மையான லீக், எது மொழியின் சுபாவம் என்று பிரித்தெடுப்பதற்குள் கண் பூத்துவிடும். பைத்தானின் நினைவக ஒதுக்கியான பைமல்லாக் அந்தக் காலத்தில் 256 கேபி துண்டுகளாக வாங்கும். 1 எம்பி ஹீப்பில் அது கால்வாசி!

குவியல்மேடு:
இதைத்தான் நானும் சொல்கிறேன், சுபாவமே பொருந்தவில்லை. லுவா 5.2ஐப் பாருங்கள். நினைவகம் கிடைக்காவிட்டால் உடனே ஒரு முழுச் சுற்று கலெக்‌ஷன் ஓட்டிவிட்டு மறுபடி கேட்கும்.

ஈயப்பற்று:
5.2 வந்தது 2011 டிசம்பரில். அந்த வருடம் பிப்ரவரியிலேயே நோக்கியா விண்டோஸ் போனுக்குப் போவதாக அறிவித்தாயிற்று. கல்யாணம் முடிந்து பந்தியும் எழுந்தபின் வந்த சாம்பார் அது.

குவியல்மேடு:
நல்லா இருக்கு! அப்படியானால் சின்னச் சிப்களுக்கான மைக்ரோபைத்தானுக்கு என்ன சொல்கிறீர்கள்? அதே பைத்தான்தான். ரெஃபரன்ஸ் கவுண்ட்டைத் தூக்கிப்போட்டு மார்க்-ஸ்வீப் என்ற டிரேசிங் கலெக்டருக்குப் போனார்கள், சின்ன எண்களைப் பாயிண்டருக்குள்ளேயே அடக்கினார்கள். 192 கேபி ரேம் உள்ள பைபோர்ட் என்ற சின்னச் சர்க்யூட் பலகையில் ஓடுகிறது.

ஈயப்பற்று:
ஓடுகிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கலெக்டர் ஆப்ஜெக்ட்டுகளை இடம் மாற்றாது. கொஞ்ச நேரத்தில் ஹீப் பொத்தல் பொத்தலாகிவிடும். மொத்தத்தில் இடம் இருந்தும் பெரிய பஃபருக்கு ஒட்டுமொத்தமாகக் கிடைக்காது. அதனால் தொடக்கத்திலேயே பஃபரை ஒதுக்கி வை, கலெக்டரை நீயே அவ்வப்போது கூப்பிடு என்கிறார்கள். நீங்கள் கையால் மாறியைக் காலியாக்கியதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்?

குவியல்மேடு:
கொஞ்ச தூரம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கூப்பிட மறந்தால் மெதுவாகும், அவ்வளவுதான். நான் காலியாக்க மறந்தபோது இடம் திரும்பவே இல்லை.

பழையபோர்ட்டர்:
அந்த 6600 இன்னும் உயிரோடு இருக்கிறதா? பிஎல்-5சி பேட்டரி ரேடியோ விற்கும் கடைகளில் கிடைக்கும். போட்டுப் பாருங்கள், பழைய ஸ்கிரிப்ட் ஏதாவது மிச்சமிருந்தால் இங்கே ஒட்டுங்கள். சுழற்சி எங்கே என்று பார்த்துவிடலாம்.