டிஎஃப்எஸ்ஏ-வில் போட்டால் வரியே இல்லையா? கனடாவுக்குக் கிளம்புகிறவர்களுக்கு

லீவுக்கு நங்கநல்லூரில் அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறேன். பக்கத்து வீட்டுத் தம்பிக்கு டொராண்டோவில் வேலை, அடுத்த மாதம் கிளம்புகிறான். நேற்று ராத்திரி மொட்டை மாடியில் அவன் கேட்டதைத்தான் புதிதாகப் போகிற எல்லோரும் கேட்கிறார்கள்: "டிஎஃப்எஸ்ஏ-வில் போட்டால் வரியே கிடையாதாமே அண்ணா?"

டிஎஃப்எஸ்ஏ என்பது கனடாவில் வருமானத்துக்கு வரி இல்லாத சேமிப்புக் கணக்கு. கனடா வரி கேட்காது, உண்மைதான். அமெரிக்கா கேட்கும். நான் போன புதிதில் அமெரிக்கச் சந்தையில் பட்டியலான ஒரு இடிஎஃப்பை (பங்கு போலவே சந்தையில் வாங்கி விற்கும் ஃபண்டு) டிஎஃப்எஸ்ஏ-வில் வாங்கினேன். ஸ்டேட்மெண்டில் டிவிடெண்ட் 100 டாலர் என்று ஒரு வரி, அதற்கு நேர் கீழே மைனஸ் 15 என்று இன்னொரு வரி. ப்ரோக்கர் தப்பாகப் பிடித்துவிட்டார் என்று நினைத்துப் போன் போட்டேன். தப்பு இல்லை. இங்கே எஃப்டி வட்டிக்கு பேங்க் டிடிஎஸ் பிடிப்பது போலத்தான் அதுவும். ஆனால் டிடிஎஸ்ஸைக் கணக்குக் காட்டித் திரும்ப வாங்கலாம். அந்த 15 டாலர் போனது போனதுதான். டிஎஃப்எஸ்ஏ வருமானம் கனடா ரிட்டர்னிலேயே வராது என்பதால் கிரெடிட் கேட்க, அதாவது அதைக் கனடா வரியில் கழித்துக்கொள்ள, வழியில்லை.

சாதாரண முதலீட்டுக் கணக்கிலும் அதே 15 பிடிப்பார்கள். ஆனால் வருமானத்தைக் காட்டி, கட்டிய வெளிநாட்டு வரிக்குக் கிரெடிட் கேட்கலாம். ஆர்ஆர்எஸ்பி ஓய்வுக்காலக் கணக்கு என்பதால் இரு நாட்டு வரி ஒப்பந்தம் அதற்கு விலக்கு தருகிறது. 100-ம் முழுசாக வரும். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அமெரிக்காவில் பட்டியலான இடிஎஃப்பை நேரடியாக வைத்திருந்தால்தான் அந்த விலக்கு. அதே அமெரிக்கப் பங்குகளைக் கனடா இடிஎஃப் வழியாக வாங்கினால், பணம் நம் கணக்குக்கு வரும் முன்பே ஃபண்டுக்குள் 15 விழுக்காடு போய்விடும். ஸ்டேட்மெண்டில் அது தெரியவே தெரியாது.

அப்புறம் டபிள்யூ-8பென் படிவம். நாம் அமெரிக்கர் இல்லை, கனடாவில் வசிப்பவர் என்று சொல்லும் படிவம் அது. ப்ரோக்கர் கேட்கும்போது தள்ளிப்போடாதீர்கள். அது இல்லாவிட்டால் 15 அல்ல, 30 விழுக்காடு.

ஆர்ஆர்எஸ்பி-யில் அந்த 15-ஐ மிச்சப்படுத்துவதற்காக எல்லாவற்றையும் உடனே அமெரிக்க டாலருக்கு மாற்ற வேண்டாம், கணக்குப் போட்டுப் பாருங்கள். 10,000 டாலருக்கு 1.5 விழுக்காடு டிவிடெண்ட் என்றால் 150. அதில் பிடிப்பது வருடத்துக்கு 22.50. அமெரிக்க டாலராக மாற்ற ப்ரோக்கர் 1.5 விழுக்காடு எடுத்தால் ஒரே நாளில் 150 போச்சு. அதை மீட்கவே ஆறரை வருடத்துக்கு மேல் ஆகும்.

முதல் வருடம் ஆர்ஆர்எஸ்பி-யில் பணம் போடப் பெரும்பாலும் இடமே இருக்காது, முந்தைய வருடம் கனடாவில் சம்பாதித்ததில் 18 விழுக்காடுதான் அதன் அளவு. டிஎஃப்எஸ்ஏ-வில் வந்த வருடமே இடம் உண்டு. அதனால் தம்பிக்கு நான் சொன்னது: டிஎஃப்எஸ்ஏ-வில் கனடாப் பங்கு ஃபண்டோ டெபாசிட்டோ போடு, வெளிநாட்டுப் பிடித்தமே இல்லை. அமெரிக்க ஃபண்டு வேண்டுமென்றாலும் போடலாம், அந்தச் சின்ன ஒழுகலைத் தெரிந்துகொண்டு போடு.

"இங்கே ஓடுகிற மியூச்சுவல் ஃபண்டை என்ன செய்வது?" என்று அவன் அப்பா கேட்டார். என்ஆர்ஐ ஆனதும் கேஒய்சி-யை மாற்றியே ஆக வேண்டும், சார். டிவிடெண்ட் தரும் திட்டமானால் 20 விழுக்காடும் செஸ்ஸும் பிடிப்பார்கள். கனடாவில் 15 வரைதான் கிரெடிட், மிச்சத்தை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். என்ஆர்இ டெபாசிட் (வெளிநாட்டில் சம்பாதித்ததை இங்கே போட்டு வைப்பது) வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. கனடாவில் உண்டு, மறைக்காமல் காட்டுங்கள்.

நம் நிதியாண்டு ஏப்ரல் முதல் மார்ச், கனடாவுடையது ஜனவரி முதல் டிசம்பர். ஆகவே இந்திய வருமானத்தைக் கனடா ரிட்டர்னில் காட்ட, இரண்டு வருட 26ஏஎஸ்ஸை (நம் பெயரில் பிடித்த வரியின் பட்டியல்) இறக்கி, ஒன்றில் கடைசி மூன்று மாதத்தையும் அடுத்ததில் முதல் ஒன்பது மாதத்தையும் எடுத்துக் கூட்ட வேண்டும். இந்திய வருமான வரி போர்ட்டலுக்குள் நுழைய உங்கள் சென்னை நம்பருக்கு ஓடிபி வரும். கிளம்பும் முன் அந்த நம்பரை ரோமிங்கில் வேலை செய்யும்படி மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.