ஒயின் கிண்ணமும் வாளும்: ஜார்ஜியாவில் பார்த்ததைப் பகிரலாம்

கம்பம் விவசாயி:

ஜார்ஜியா நாட்டுக்குப் போய் வந்தவர்கள் தங்கள் அனுபவத்தை இங்கே எழுதுங்கள். நான் ஆரம்பிக்கிறேன்.

மகள் தலைநகர் திபிலிசியில் மருத்துவம் படிக்கிறாள். அவளைப் பார்க்கப் போனபோது கிழக்கே காகெத்தி என்ற பகுதிக்கு அழைத்துப் போனாள். எங்களுக்குப் பன்னீர் திராட்சைத் தோட்டம் இருக்கிறது, அதனால் கொடியைப் பார்த்தாலே கால் நின்றுவிடும். நாம் பந்தல் போட்டுத் தலைக்கு மேல் படர விடுவோம். அங்கே கம்பி இழுத்து வரிசை வரிசையாகக் கட்டியிருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒரே அறுவடைதான்.

அங்கே தெலாவி நகருக்குப் பக்கத்தில் இகால்தோ என்ற பழைய மடம். அதன் முற்றத்தில் உடைந்தும் உடையாமலும் பெரிய பெரிய மண் ஜாடிகள் கிடக்கின்றன. க்வெவ்ரி என்கிறார்கள். வயிறு பெருத்து, அடி கூம்பி, நம் முதுமக்கள் தாழியைப் போல இருக்கும். கழுவுவதற்கு ஆளே உள்ளே இறங்கும் அளவுக்குப் பெரிதும் உண்டு. கழுத்து வரை மண்ணில் புதைத்து, நசுக்கிய திராட்சையைத் தோலும் விதையுமாகவே ஊற்றி மூடிவிடுவார்கள். மண்ணுக்குள் சூடு ஏறாது. வெள்ளைத் திராட்சை மாதக்கணக்கில் அப்படிக் கிடந்து தேன் நிறத்தில் வரும். பக்கத்து ஊரில் புழக்கத்தில் இருக்கும் ஜாடி ஒன்றின் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். தேன்மெழுகு பூசியிருந்ததால் வழவழவென்று இருந்தது. இந்த முறையை 2013இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது.

அதே இகால்தோவில் ஒரு கல்விக்கூடம் இருந்தது. தத்துவம், வானியலோடு திராட்சை வளர்ப்பும் ஒயின் தயாரிப்பும் கற்றுக்கொடுத்தார்களாம். 1616இல் பாரசீக மன்னர் ஷா அப்பாஸின் படை அதைக் கொளுத்தியது. இன்று கூரையில்லாத சுவர்கள்தான் நிற்கின்றன. அந்தப் படையெடுப்புகளில் பல்லாயிரம் பேர் செத்தார்கள். அதைவிட அதிகம் பேரை ஈரானுக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். திராட்சைக் கொடிகளையும் வெட்டிச் சாய்த்தார்கள் என்று அங்கே சொல்கிறார்கள். இதுதான் என்னை உலுக்கியது. நெல்லைக் கொளுத்தினால் அடுத்த போகத்தில் விளைந்துவிடும். கொடியை வெட்டினால் மறுபடி நட்டுக் காய்ப்புக்குக் கொண்டுவர வருஷங்கள் ஆகும். ஊருக்குத் திரும்பி வருகிறவனுக்குப் பிழைப்பு இருக்கக்கூடாது என்று திட்டமிட்டுச் செய்தது அது.

இன்னொன்று. போருக்குப் போகும் வீரன் கவசத்துக்குள் நெஞ்சோடு ஒரு திராட்சைக் குச்சியைச் செருகிக்கொள்வானாம், அவன் விழுந்த இடத்தில் கொடி முளைக்குமாம். செவிவழிக் கதைதான். ஆனால் கவாத்து செய்த குச்சியை ஈரமண்ணில் ஊன்றித் துளிர்க்க வைத்துப் பழகிய எனக்கு, இதைச் சொல்லிவைத்தவன் தோட்டக்காரனாகத்தான் இருக்க வேண்டும் என்று பட்டது.

திபிலிசி மலைமேல் 20 மீட்டர் உயரத்தில் கார்த்லிஸ் தேதா என்ற தாய்ச் சிலை நிற்கிறது. 1958இல் முதலில் வைத்தது. வருகிற நண்பனுக்கு ஒரு கையில் ஒயின் கிண்ணம், எதிரிக்கு மறு கையில் வாள்.

கோவாவில் வேலை பார்த்தவன்:

அண்ணா, நீங்கள் சொன்ன அதே ஷா அப்பாஸ் கதையின் மறுபாதி நம் நாட்டில்தான் இருக்கிறது. காகெத்தி ராணி கேத்தேவான் மதம் மாற மறுத்ததால் 1624இல் ஈரானின் ஷிராஸ் நகரில் சித்திரவதை செய்து கொன்றார்கள். அங்கிருந்த அகஸ்தீனிய கிறிஸ்தவத் துறவிகள் அவருடைய எலும்பில் ஒரு பகுதியைக் கோவாவுக்குக் கொண்டுவந்தார்கள். பழைய கோவாவில் பாதி இடிந்து நிற்கும் அந்தத் துறவிகளின் செம்பாறாங்கல் கோபுரத்தடியில் நான் பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். அந்த வளாகத்தைத் தொல்லியல் துறை தோண்டியபோது கிடைத்த எலும்பை ஹைதராபாத் ஆய்வகத்தில் டி.என்.ஏ. சோதனை செய்தார்கள். 2021இல் இந்தியா அதை ஜார்ஜியாவிடம் ஒப்படைத்தது. செய்தியைப் படித்த அன்று எனக்குத் தொண்டை அடைத்தது.

திபிலிசி மாணவி:

அங்கிள், நான் குடிப்பதில்லை. ஆனாலும் வீட்டுக்கார அம்மா விருந்துக்குக் கூப்பிட்டால் கட்டாயம் போவேன். தமாதா என்று ஒருவர் விருந்தை நடத்துவார். ஒவ்வொரு கிண்ணத்துக்கும் முன்னால் பேசுவார். போரில் இறந்தவர்களை நினைத்துப் பேசும்போது மேசையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். வீட்டுக்கார அம்மாவின் அண்ணன் ஜார்ஜியாவிலிருந்து பிரிந்துபோன அப்காசியா பகுதியில் நடந்த போரில் இறந்தவராம். நான் பழச்சாறோடு நின்றேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

2006இல் ரஷ்யா ஜார்ஜிய ஒயினுக்குத் தடை போட்டதும், அதற்கு இரண்டு வருஷம் கழித்து ரஷ்யாவோடு நடந்த போரும் இவர்களுக்குத் தனித்தனி விஷயமில்லை. தடையை 2013இல்தான் விலக்கினார்கள். அதற்குள் வேறு நாடுகளில் சந்தை பிடிக்கப் பாடுபட்டார்கள். 2017இல் வெளிவந்த ஆய்வின்படி, திபிலிசிக்குத் தெற்கே கிடைத்த பானை ஓடுகளில் ஒட்டியிருந்த ஒயின் தடம் ஏறக்குறைய 8,000 வருஷம் பழையது. அவ்வளவு நாள் விடாமல் செய்தவர்கள் ஏழு வருஷத் தடைக்கு விட்டுவிடுவார்களா?

கம்பம் விவசாயி:

சரியாகச் சொன்னாய் அம்மா. போக நினைப்பவர்கள் செப்டம்பர் கடைசியில் போங்கள், அறுவடை நேரம். இகால்தோவுக்கு அரை நாளாவது ஒதுக்குங்கள்.