பின்கண்ணாடி சூடாகவில்லை: காஸ் ஸ்ட்ரட் பராமரிப்பு

கேள்வி (கல்லடி, மட்டக்களப்புக் கடற்கரை):
வணக்கம். எனது பழைய காரின் தூக்கித் திறக்கும் பின்கண்ணாடியிலுள்ள சூடாக்கும் இழைகளுக்கு இரு காஸ் ஸ்ட்ரட்டுகள் (கண்ணாடியைத் தூக்கிப் பிடிக்கும், வாயு நிரப்பிய உருளையும் தண்டும் கொண்ட தாங்கிகள்) வழியாகவே மின்சாரம் செல்கிறது. மாரி மழையில் படியும் நீராவி இப்போது அகலுவதில்லை. கண்ணாடியும் திறந்து வைத்தால் மெல்ல இறங்குகிறது. தண்டுகளுக்குக் கிரீஸ் பூசலாமா?

பதில்:
வேண்டாம் தம்பி. கிரீஸில் கடற்கரை மணல் ஒட்டி, உள்ளே வாயு கசியாமல் தடுக்கும் சீல் வளையத்தை அறுத்துவிடும். மென்துணியால் துடைத்தால் போதும். உப்புக் காற்றில் முனை மூட்டுகள் துருவேறியிருக்கும் என்பதால், அவற்றைத் தேய்த்துச் சுத்தமாக்கி, சுவிட்சைப் போட்டு, கண்ணாடிப் பக்கத்தில் 12 வோல்ற் வருகிறதா என மின்னளவு காட்டும் மல்டிமீற்றரால் பாருங்கள்.

இன்னொரு பதில்:
கண்ணாடி இறங்கினால் ஸ்ட்ரட்டில் அடைத்துள்ள நைதரசன் வாயு கசிந்திருக்கும், ஸ்ட்ரட்டை மாற்றத்தான் வேண்டும். பிளாஸ்டிக் முனையுள்ளதை வாங்கினால் மின்சாரம் போகாது. மூடிய நிலையில் தண்டு கீழ்நோக்கியிருக்குமாறு பூட்டினால், உள்ளெண்ணெய் சீலை நனைத்துக் காக்கும்.

கேட்டவர்:
மிக்க நன்றி அண்ணன்மார். மூட்டுகளைத் தேய்த்ததும் கண்ணாடி சூடாகிறது, ஸ்ட்ரட்டுகளை மாற்றவிருக்கிறேன்.