டெண்டர் தகுதி: 80 சதவீதத்துக்கு என் பழைய வேலை எட்டுமா?

தென்காசி சிவில்:
வணக்கம். மத்தியப் பொதுப்பணித் துறை விதிப்படி ஒரு கட்டட டெண்டர் வந்திருக்கு. எஸ்டிமேட் 2.60 கோடி, முடிக்க 10 மாதம், டெண்டர் போட கடைசி நாள் 2025 ஜூன் 30. கடந்த 7 வருஷத்தில் முடித்த இதே மாதிரி வேலை, 80 சதவீத மதிப்பில் ஒன்று, இல்லையென்றால் 60-இல் இரண்டு, 40-இல் மூன்று கேட்கிறார்கள். என்னிடம் இருப்பது ஒரே ஒரு தனியார் கல்லூரி விடுதி. 1.80 கோடி, 2022 ஜூன் 30-இல் முடித்துக் கொடுத்தேன். தேவையோ 2.08 கோடி. 28 லட்சம் இடிக்குது. விட்டுடவா?

பழைய காண்ட்ராக்டர்:
விடாதீங்க தம்பி. முடித்த வேலையின் மதிப்பை, முடிந்த தேதியிலிருந்து டெண்டர் கடைசி நாள் வரை வருஷத்துக்கு 7 சதவீதம் தனிவட்டி மாதிரி ஏற்றிக் காட்டலாம். உங்களுக்கு 3 வருஷம், 21 சதவீதம். 2.178 கோடி ஆச்சு, தாண்டிட்டீங்க. ஆனா தனியார் வேலை என்பதால் டி.டி.எஸ். சான்றும் (பில்லில் வருமான வரி பிடித்ததற்கான சான்று) சேர்த்து வைக்கணும். அந்த விடுதியை வேறொருத்தரிடம் அப்படியே கைமாற்றிக் கட்டியிருந்தால் செல்லாது, உறுதிமொழியே கேட்பார்கள்.

தென்காசி சிவில்:
ரொம்ப நன்றி அண்ணே. முழுக்க என் ஆட்களை வைத்துக் கட்டினதுதான்.

பில் கணக்கர்:
ஏலத் திறனைப் பார்த்தீங்களா, அதாவது இவ்வளவு பெரிய வேலையை எடுக்க உங்களால் முடியுமா என்ற கணக்கை? பலர் வழுக்கி விழுவது அங்கேதான். கடந்த 5 வருஷத்தில் ஏதாவது ஒரு வருஷத்தின் அதிகபட்ச டர்ன்ஓவர் (அந்த வருஷம் செய்த வேலைகளின் மொத்த மதிப்பு), பெருக்கல் வேலைக்காலம் (வருஷத்தில்), பெருக்கல் 1.5. அதில் கைவசம் உள்ள வேலைகளில் இந்த 10 மாதத்துக்குள் முடிக்க வேண்டியதைக் கழிக்கணும். மிச்சம் எஸ்டிமேட்டுக்குக் குறையக்கூடாது.

தென்காசி சிவில்:
அதிக டர்ன்ஓவர் 2022-23-இல் 2.40 கோடி. கைவசம் உள்ள வேலை 70 லட்சம். 2.30 கோடிதானே வருது!

பில் கணக்கர்:
டர்ன்ஓவரையும் அதே 7 சதவீதத்தில் ஏற்றுங்க. 2 வருஷத்துக்கு 14 சதவீதம், 2.736 கோடி. பெருக்கிக் கழித்தால் 2.72 கோடி. தேறும். இடையில் இன்னொரு வேலையை எடுத்துடாதீங்க, 12 லட்சம்தான் இடைவெளி.

தென்காசி சிவில்:
கல்லூரி கொடுத்த சான்றில் தொகை இருக்கு, முடித்த தேதி இல்லை.

பழைய காண்ட்ராக்டர்:
தேதி இல்லாமல் எந்த நாளிலிருந்து ஏற்றுவீங்க? நாளைக் காலையிலேயே போய், ஆரம்பித்த தேதி, முடித்த தேதி, தொகை மூன்றும் போட்டு லெட்டர்ஹெட்டில் வாங்கிடுங்க. டி.டி.எஸ். சான்றான 16ஏ படிவத்தையும் அப்படியே கேட்டு வாங்குங்க.